இல்லப் பகுதி: முயலும் அதன் பல்லும்

முயல் வளர்க்கும் இல்லங்கள் நம் சங்கத்து அன்பர்களிடையே இப்போது பெருகி வருகின்றன. மூன்றாம் மாடியிலும் நான்காம் மாடியிலும் வாடகைக்குக் குடியிருப்போர்க்கு நாய் வளர்ப்பது எளிதன்று. குழந்தைகளோ ஏதேனும் ஓர் உயிர் வீட்டில் வேண்டும் என்று வற்புறுத்துகின்றனர். குரைக்காது, கத்தாது, சிறிது இடமே போதும் என்று கருதி முயலை வாங்கி வந்துவிடுகின்றோம். வாங்கிய பத்தாம் நாள் தொடங்கித் தாய்மார்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றே. எதைக் கண்டாலும் கடிக்கின்றதே, இதனை நிறுத்த வழி உண்டா என்பதே அக்கேள்வி.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். நிறுத்த வழி இல்லை, நிறுத்தவும் கூடாது. கடிக்கும் பொருளை மாற்றலாம். கடிக்கத் தகாதவற்றை எட்டாமல் வைக்கலாம். இவ்விரண்டே நம்மால் ஆவன. இதனை நாங்கள் நூல்களைப் படித்து அறியவில்லை. ஓர் உயிரை ஏறத்தாழ இழந்தே அறிந்தோம்.

எங்கள் இல்லத்தில் நடந்தது

தில்லிக்கு வந்த சில ஆண்டுகளில் எங்கள் இளைய மகளுக்காக ஒரு வெள்ளை முயற்குட்டியை வாங்கினோம். முதல் மாதம் அதன் துள்ளலைக் கண்டு மகிழ்ந்தோம். இரண்டாம் மாதம் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் கம்பிகள் இரண்டைத் துண்டித்தது. நல்ல வேளையாக அப்போது அவற்றில் மின்சாரம் ஓடவில்லை. அடுத்து, படுக்கையறைக் கதவின் அடிப்பகுதியை ஒரு சாண் அளவுக்குச் செதுக்கியது. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, முன்பணத்தில் கழித்துக்கொள்வேன் என்று கூறிச் சென்றார். அதன் பின்னர், ஊரிலிருந்து பெட்டியில் சுமந்து வந்த தமிழ்ப் புத்தகங்களின் கீழ்த்தட்டில் அது கைவைத்தது. பாட்டனார் கையெழுத்திட்ட நூல் ஒன்றின் முதுகு காணாமற்போயிற்று. அன்று எங்கள் பொறுமையும் போயிற்று.

ஒரு கம்பிக் கூண்டு வாங்கி முயலை அதனுள் அடைத்தோம். கடிப்பதற்கு எதுவும் இருத்தல் கூடாது என்று கூண்டை வெறுமையாக வைத்தோம். புல் இறைத்தால் வீடெல்லாம் குப்பை ஆகின்றது என்று புல்லையும் குறைத்தோம். அதற்கு ஈடாக ரொட்டித் துண்டு, காரட்டு, கடையில் விற்கும் தீவன உருண்டை ஆகியவற்றை வயிறு நிறையக் கொடுத்தோம். வீடு அமைதியாயிற்று. “அம்மா, இப்போது அது எதையுமே கடிப்பதில்லை, சமர்த்தாகிவிட்டது” என்று மகள் சொன்னாள். நாங்களும் அவ்வாறே எண்ணினோம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, அதுபோல எங்கள் முறையே சரி என்று நான்கு மாதம் இருந்துவிட்டோம்.

ஒரு நாள் காலை, வைத்த தீவனம் வைத்தபடியே இருந்தது. முகவாய்க்கட்டை நனைந்திருந்தது. ஒரு கண்ணில் நீர் வடிந்தது. முதல் நாள் இரவு இட்ட புழுக்கைகள் மிகச் சிறியனவாகவும் மிகச் சிலவாகவும் இருந்தன. வெயில்தான் காரணம் என்று எண்ணி மாலை வரை காத்திருந்தோம். அது நாங்கள் செய்த பெருந்தவறு.

மாலையில் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். அவர் சிறிய விளக்கு ஒன்றால் வாய்க்குள் நோக்கினார். முன்பற்களில் அத்துணைக் குறை இல்லை. உள்ளே கடைவாய்ப் பற்கள் தேய்வின்றி வளர்ந்து, முட்போல் கூராகி, நாக்கின் ஓரத்தைக் கிழித்திருந்தன. தின்ன வாய் இருந்தும் வலியால் தின்ன இயலாமல் முயல் பட்டினி கிடந்திருக்கின்றது. முதலில் வலிக்கும் குடலுக்கும் மருந்தும், தோலின் கீழ் நீரும் ஏற்றினார். இரண்டு நாள் கழித்து மயக்க மருந்து கொடுத்துப் பற்களைத் தேய்த்துச் சமன்செய்தார். வீட்டில் ஐந்து நாள் இரவும் பகலும் குழைத்த உணவை ஊசி இல்லாத பீச்சாங்குழலால் ஊட்டினோம். பிழைத்தது. ஆயினும் கோணலாகிவிட்ட அப்பற்கள் பின்னர் நேராகவில்லை. இன்றும் சில மாதங்களுக்கு ஒருமுறை அது மருத்துவரிடம் சென்று பல்லைத் தேய்த்துக்கொண்டு வருகின்றது. அந்த அமைதியான நான்கு மாதங்களுக்கு அது இன்றும் விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றது.

கடிப்பது ஏன்?

முயலுக்கு 28 பற்கள் உண்டு. முன்பற்கள் ஆறு, மேலே நான்கு, கீழே இரண்டு. மேலுள்ள நான்கனுள் இரண்டு, பெரிய பற்களுக்குப் பின்னால் முளைபோல் மறைந்திருப்பன. எலிக்கு மேலே இரண்டு முன்பற்களே உண்டு. இந்த வேறுபாட்டையும் பிற வேறுபாடுகளையும் கருதியே விலங்கு நூலார் முயலை எலியினத்தோடு சேர்க்காமல் தனி வரிசையாக வைத்துள்ளனர். எஞ்சிய 22 பற்களும் கடைவாயில் உள்ளவை.

இந்த 28 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்திற்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் வளர்கின்றது. தேயாமல் விட்டால் ஓராண்டில் 10 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும் என்பது கணக்கு. ஆகவே தேய்வு என்பது முயலுக்கு மூச்சுப் போன்றது.

ஈண்டு ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். மரக்கட்டை கடித்தால் முன்பற்கள் தேயும். கடைவாய்ப் பற்களைத் தேய்ப்பது கட்டை அன்று, புல்லே. நீண்ட புல்லையும் உலர்புல்லையும் முயல் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து நெடுநேரம் அரைக்கின்றது. புல்லில் உள்ள நாரும் மணற்சத்தும் அரம்போல் நின்று பற்களைத் தேய்க்கின்றன. ரொட்டியும் தீவன உருண்டையும் இரண்டு கடியில் நொறுங்கிவிடும்; பல்லுக்கு வேலை இல்லை. கதவைக் கடித்த எங்கள் முயல் புல் போதாமையால் கடித்தது. நாங்களோ இருந்த புல்லையும் குறைத்தோம்.

பல்லுக்கு மட்டுமன்றிக் குடலுக்கும் நாரே உயிர். நாருள்ள உணவு இடைவிடாது செல்லாவிடின் முயலின் குடல் அசைவு தளர்ந்து நின்றுவிடும். முயலால் வாந்தி எடுக்க இயலாது. எனவே விழுங்கியது எதுவாயினும் முழுவழியும் சென்றே தீரல் வேண்டும். நூலோ ரப்பரோ உள்ளே சென்றால் அஞ்சவேண்டியது இதனாலேதான்.

எதைக் கொடுப்பது?

நாளும் பொழுதும் குறையாமல் முன்னே இருக்கவேண்டியது உலர்புல். வளர்ந்த முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் புல்லாகவே இருத்தல் நன்று. ஒரு நாளைக்கு அதன் உடல் பருமன் அளவு உலர்புல் குவியலாக வைத்தால் போதும். வடநாட்டில் ஓட்ஸ் பயிரின் உலர்தாள் கிடைக்கின்றது; அது மிக நல்லது. இங்குத் ‘தூப்’ என்று வழங்குவது நம் அருகம்புல்லே. பூசைக்கு விற்கும் அருகை வாங்கிக் கழுவிக் கொடுக்கலாம். பூங்காக்களில் பறிப்போர், மருந்து தெளித்த இடத்தையும் நாய்கள் திரியும் இடத்தையும் தவிர்க்க. ‘பூசா’ எனப்படும் கோதுமைத் தவிடொத்த வைக்கோலில் சத்துக் குறைவு. படுக்கையாக இடலாம், உணவாக அதனை நம்புதல் கூடாது. குளிர்காலத்தில் மலிவாகக் கிடைக்கும் பெர்சீமும், நம் ஊர்க் குதிரைமசாலும் சுண்ணாம்புச் சத்து மிகுந்தவை. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குட்டிகளுக்கு அவை ஏற்றவை. வளர்ந்த முயலுக்கு எப்போதேனும் ஒரு பிடி போதும்.

கீரைகளில் கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, காரட்டின் தழை ஆகியன தினம் ஒரு கைப்பிடி கொடுக்கலாம். பாலக் கீரையை நாள்தோறும் கொடாமல் இடைவிட்டுக் கொடுக்க. முயலுக்கும் காரட்டுக்கும் படப்புத்தகங்கள் கற்பித்த உறவு பெரிதே. ஆயினும் காரட்டுக் கிழங்கில் சர்க்கரை மிகுதி. வாரத்தில் ஓரிரு முறை ஒரு விரற்கணு அளவு போதும். தீவன உருண்டை உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராமுக்கு மிகுதல் வேண்டா. ரொட்டி, பிஸ்கட்டு, முறுக்கு, அப்பளம், சோறு ஆகியன அறவே வேண்டா. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சாக்லேட்டு ஆகியன கேடு செய்வன.

கடித்து விளையாடுவதற்கென்றும் சில பொருள்கள் வேண்டும். மருந்து தெளியாத ஆப்பிள் மரக்கிளை, முசுக்கட்டைக் கிளை, காஷ்மீரத்தில் மட்டை செய்யும் வில்லோ மரத்தின் குச்சி ஆகியவற்றைக் கழுவி உலர்த்திக் கொடுக்கலாம். நம்மவர்க்கு எளிதில் கிடைப்பன இரண்டு உண்டு. ஒன்று சாயம் ஏற்றாத பனையோலைப் பெட்டி. மற்றொன்று சாயம் ஏற்றாத கோரைப்பாயின் பழந்துண்டு. விடுமுறைக்கு ஊர் செல்வோர் இவற்றைக் கொண்டுவந்தால் முயலுக்கு விருந்தாகும். சாயப்பாயும் வார்னிஷ் பூசிய கூடையும் கூடா. அட்டைப்பெட்டியும் நன்றே, ஒட்டுநாடா, கம்பி ஊசி, வழவழப்பான வண்ணத்தாள் ஆகியவற்றை நீக்கிவிட்டு, உள்ளே உலர்புல்லைத் திணித்து வைத்தால் அரை நாள் அதனோடு போராடும். அட்டையைக் கிழிப்பதோடு நில்லாமல் மிகுதியாக விழுங்கும் முயலாயின் அதனை எடுத்துவிடுக.

பீச், ஆப்ரிகாட், பிளம், செர்ரி மரங்களின் பச்சைக் கிளைகளில் சயனைடு விளைவிக்கும் பொருள் உண்டு. மலைநாட்டில் குடியிருக்கும் அன்பர்கள் இவற்றை எரிப்பதற்கு வாங்கி வைத்திருந்தால் முயல் எட்டாமல் வைக்க.

எதை விலக்குவது?

முதலாவது மின்கம்பி. நம் நாட்டு வீடுகளில் ஓடுவது 230 வோல்ட்டு மின்சாரம். முயல் ஒரே கடியில் கம்பியின் உறையைத் துளைத்துவிடும். தரையில் கிடக்கும் கம்பி ஒவ்வொன்றையும் முயலின் உயரத்தில் மண்டியிட்டுப் பார்த்து எண்ணுக. எடுக்கக்கூடியவற்றைச் சுவரில் இரண்டடிக்கு மேல் ஏற்றிக் கட்டுக. எடுக்க இயலாதவற்றை மின்பொருள் கடைகளில் விற்கும் கெட்டியான பிளாஸ்டிக் குழாயினுள் செலுத்துக. குளிர்ப்பெட்டியின் பின்புறமும், குளிர்காற்றுப் பெட்டி எனும் கூலரின் அடிப்புறமும் முயல் நுழையாதபடி பலகை வைத்து மறைக்க. மின்கசிவு கண்டு தானே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் கருவி வீட்டில் இருப்பது மக்களுக்கும் நல்லது. ஆயினும் முயல் இரண்டு கம்பிகளையும் ஒருங்கே கடித்து, மின்சாரம் தரைக்குக் கசியாமல் வாய்வழியே ஓடினால் அக்கருவி துண்டிக்காது. அதனை நம்பிக் கம்பியைத் தரையில் விடுதல் ஆகாது.

இரண்டாவது வண்ணம் பூசிய மரம். பழைய வண்ணங்களில் ஈயம் உண்டு. வீட்டு வண்ணங்களில் ஈயத்தைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகாமல் வரையறுத்த நடுவணரசின் விதிகள் 2016இல் வெளிவந்து 2017இல் நடைமுறைக்கு வந்தன. நாம் குடியிருக்கும் வீடுகளோ பெரும்பாலும் அதற்கு முற்பட்டவை. பூச்சின் மேற்படலம் புதிதாயினும் அடிப்படலம் பழையதே. கதவு, நிலை, சன்னல் அடி ஆகியவற்றின் விளிம்பில் அலுமினியக் கோணப்பட்டையை ஒட்டிவிடலாம். வீடு மாறும்போது கழற்றிக்கொள்ளவும் இயலும். வீட்டுக்காரரோடு வழக்கும் இராது. இப்பட்டைக்கு ஆகும் செலவு, நாங்கள் முன்பணத்தில் இழந்ததை நோக்க மிகச் சிறிது.

மூன்றாவது தொட்டிச் செடிகள். அரளி கொடிய நஞ்சு. எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உன்னி ஆகியனவும் அத்தகையனவே. அழகுக்கு வைக்கும் மணி பிளான்ட்டு வாயைப் புண்ணாக்கும். துளசியைத் தின்றுவிட்டால் முயலுக்குக் கேடில்லை, நமக்குத்தான் மனவருத்தம். மாடத்தை உயர்த்தி வைத்தல் நன்று.

நான்காவது குழந்தைகளின் பொருள்கள். அழிப்பான், ரப்பர்ச் செருப்பு, தெர்மாகோல், கம்பளி நூல், விரிப்பின் இழை ஆகியன குடலை அடைத்துவிடும். மாலையில் முயலை வெளியே விடுமுன் தரையிலிருந்து இவற்றைப் பொறுக்கி எடுப்பதைக் குழந்தையின் கடமையாக்குக. எங்கள் மகள் இதனை ஒரு நாளும் தவறவிடுவதில்லை. புத்தகங்களின் கீழ்த்தட்டில் இப்போது பித்தளைப் பாத்திரங்கள் இருக்கின்றன.

திருத்தும் முறை

முயலை அடித்தல் ஆகாது. அதன் எலும்புகள் மெல்லியன; அஞ்சி உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியும். அடிபட்ட முயல் கடிப்பதை விடாது. நம்மைக் கண்டால் ஒளிய மட்டும் கற்றுக்கொள்ளும். மிளகாய்ப் பொடி தடவும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது கண்ணையும் மூக்கையும் எரித்துத் துன்புறுத்துமேயன்றிப் பயன் தராது. தகாததைக் கடிக்கக் கண்டால் ஒருமுறை கைதட்டி, கடிக்கத் தக்கதை அதன் முன்னே வைக்க. நூறு முறை செய்தால் ஒரு பழக்கம் வரும்.

கடிப்பது திடீரென்று மிகுந்தால் காரணம் தேடுக. நாளெல்லாம் கூண்டில் கிடக்கும் முயல் சலிப்பால் கம்பியைக் கடிக்கும். நாள்தோறும் சில மணி நேரமாவது காவலோடு ஓடவிடுதல் வேண்டும். பருவம் அடைந்த முயல் இடத்தைத் தனதாக்கிக்கொள்ளக் கடிக்கும். பெண் முயல் பொய்ச்சூலால் தன் மார்பு மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டுவதும் உண்டு. கருத்தடை அறுவையால் இவை பெரிதும் தணியும். முதிய பெண் முயல்களுக்கு வரும் கருப்பைப் புற்றும் அதனால் தடுக்கப்படும். முயலுக்கு அறுவை செய்து பழகிய மருத்துவரிடமே செய்துகொள்க. நாய்க்கும் பூனைக்கும் சொல்வதுபோல் முதல் நாள் இரவு பட்டினி போடுதல் முயலுக்குக் கூடாது.

நகவெட்டியால் முயலின் பல்லை நறுக்குவோரும் உளர். பல் நெடுக்காகப் பிளந்து வேர்வரை சீழ் பிடிக்கக் கூடும். அது மருத்துவர் கருவியால் தேய்க்க வேண்டியது.

இடர் நேர்ந்தால்

முயல் கம்பியைக் கடித்து விழுந்து கிடந்தால் அதனைத் தொடாதீர்கள். முதலில் மின்சாரத்தை அணைத்திடுக. அதன் பின்னரே கையில் எடுக்க. எழுந்து ஓடினாலும் மருத்துவரிடம் கொண்டுசெல்க. வாய் வெந்திருக்கும், நுரையீரலில் நீர் கோத்தல் சில மணி நேரம் கழித்தே தெரியவரும்.

பன்னிரண்டு மணி நேரம் உணவு கொள்ளாமலோ புழுக்கை இடாமலோ இருந்தால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். எச்சில் வடிதல், முகவாய் நனைதல், கண்ணில் நீர், மெல்லியதை மட்டும் பொறுக்கித் தின்னல், பல்லை உரக்க நறநறவெனக் கடித்தல் ஆகியன வலியின் அடையாளங்கள். எல்லாக் கால்நடை மருத்துவரும் முயலுக்குப் பல் பார்ப்பதில்லை. பார்ப்பவர் நும் நகரில் யாவர் என்பதை முயல் நலமாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்க. நள்ளிரவில் தேடத் தொடங்கினால் கிடைப்பது அரிது.

கோடை விடுமுறையில் ஊர் செல்லும்போது முயலை அண்டைவீட்டாரிடம் விட்டுச் செல்வது நம் வழக்கம். ரொட்டி கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறாதீர்கள். நாளைக்கு இவ்வளவு புல், இன்னின்ன கூடா, இன்ன அடையாளம் கண்டால் இந்த மருத்துவர் என்று அவர்களுக்குத் தெரிந்த மொழியில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க. எங்கள் தாளை எங்கள் மகள் இந்தியில் எழுதினாள். அதன் முதல் வரி, புல் தீர்ந்தால் உடனே தொலைபேசியில் அழையுங்கள் என்பது.

முயல் நன்கு பேணினால் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வாழ்வது. இன்று பள்ளியில் சேரும் குழந்தை கல்லூரி வாயிலை எட்டும்வரை உடன் இருக்கும். வாங்குமுன் இதனை எண்ணுக. ஏற்கெனவே வாங்கிவிட்ட அன்பர்கள் இன்று மாலை செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. தரையில் மண்டியிட்டு, முயலின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அதன் பின்னர்ப் புல் வைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் கதவைக் கடிக்கும் முயலின்மேல் குற்றம் இல்லை.